திரைக்கு ஒரு சாண் கீழே

அதத் தொடாதிய சார். கைய எடுங்க. மத்த மூணு மெஷின்லயும் என்ன வேணாலும் அமுக்குங்க, ஒடச்சாக்கூட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இந்த ஒண்ண மட்டும் தொடாதிய. கோவிச்சுக்கிடாதிய. நீங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாதுல்லா.

உக்காருங்க. அருவியில வெள்ளம் வந்திருச்சு, இப்பம் போலீஸ்காரன் குளிக்க விட மாட்டான். மைக்குல கத்துதான் பாருங்க. தடை எடுக்க ரெண்டு மணி நேரமாவது ஆவும். வீட்ல உள்ளவங்க எங்க, பஜார்ல சிப்ஸ் கடையில நிக்காங்களா? சரி. எந்த ஊரு? விருதுநகரா. என்ன வேல? வாத்தியாரா. டிவி, ரேடியோ ரிப்பேர் அந்த மாதிரி ஒண்ணும் தெரியாதே? நிச்சயமா? ஏன் கேக்கேன்னா, மழைக்கு ஒதுங்குனவரு நேரா இந்தத் திரைக்கு முன்னால வந்து நின்னிய. நின்னு, "கலர் பிரிஞ்சு தெரியுதே"ன்னிய. சாதாரண ஆளு அப்படிச் சொல்ல மாட்டான். "படம் மங்கலா இருக்கு"ம்பான், போயிருவான். கலர் பிரிஞ்சிருக்குன்னு சொல்லணும்னா கொஞ்சம் விசயம் தெரிஞ்ச ஆளா இருக்கணும்.

சரி, நம்புதேன். நம்பாம என்ன செய்ய.

பிரிஞ்சுதான் இருக்கு. அந்த வெள்ளக் காரப் பாருங்க. இடது பக்கம் செவப்பு ஓரம், வலது பக்கம் நீல ஓரம். ஒரு காரு மூணு காரா ஓடுது. ரோட்டுக் கோடும் அப்படித்தான், நம்பரும் அப்படித்தான். இது போன வருசம் சீசன்ல ஆரம்பிச்ச கோளாறு. இந்தக் கோளாறுலதான் என் தங்கச்சி என் வீட்ட விட்டுப் போனா. ஒரே தங்கச்சி சார். சிரிக்காதிய. ஒரு கேம் மெஷின்ல கலர் வெலகிப் போனதுக்கும் தங்கச்சி போனதுக்கும் என்ன சம்மந்தம்னு நீங்க நெனைக்கிய. கேளுங்க, பொறவு நீங்களே சொல்லுவிய.

எம் பேரு குற்றாலிங்கம். இந்த வீடியோ கேம் கடைய தொண்ணூத்தாறுல போட்டேன். ஒம்பது மெஷின் இருந்துச்சு, இப்பம் நாலு. மூணுல தட்டைத் திரை. பிக்சர் டியூப் உள்ளது இது ஒண்ணுதான். வார ஆளுங்க அந்த மூணையும் திரும்பிப் பாக்க மாட்டான், இதுக்குத்தான் வரிசையில நிப்பான். நான் கல்யாணம் முடிக்கல. நாலு எடத்துல பாத்தாங்க. பொண்ணு வீட்டுக்காரன் ஒருத்தன்கூட எனக்கு நம்புத மாதிரி தெரியல. ஒருத்தன் ரொம்ப மரியாதையா பேசுனான், அதுலயே எனக்குச் சந்தேகம் வந்திருச்சு. தங்கச்சி பேரு பிரம்மசக்தி, நான் பிரமும்பேன். அவ வீட்டுக்காரரு தவறிப்போயி பதிமூணு வருசம் ஆச்சு. அன்னையிலருந்து போன வருசம் வரைக்கும் வீட்ல நானும் அவளும்தான். கடையில காயின் குடுக்கது அவ, மெஷினப் பாக்கது நான்.

போன வருசம் வைகாசி கடைசி. இந்த மெஷின்ல காயின் பொட்டியத் தொறக்கேன், நம்ம பித்தளக் காயினுக்கு நடுவுல இரும்பு வாசர் கெடக்கு. போல்ட்டுக்கு அடியில போடுவாம்லா, அந்த வட்டம். நம்ம காயின் அளவுக்கு அப்படியே அச்சு. பதினோரு வாசர். அப்பம் எவனோ வாசரப் போட்டு ஓசியில ஆடிக்கிட்டு இருக்கான். யாரு? அருவிக்கரையில எண்ணெ தேய்க்கிற ஆளுங்கள்ல ரெண்டு பேரு மதியம் வருவான், அவனா? துண்டு விக்கிறவனா? எதுத்த புரோட்டாக் கடையில மாவு பெசையுதவன் தெனம் வந்து சும்மா நின்னு பாப்பான். சும்மா நின்னு பாக்கறவனத்தான் நம்பக் கூடாது சார்.

இதுக்கு ஒரு வழி உண்டு. திருநெல்வேலியில கேம் கடை வச்சிருந்த ஒருத்தரு எனக்குச் சொல்லிக் குடுத்தது. பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்கும்லா காந்தம், சாப்பாட்டுத் தட்டுல பாதி அகலம், ரெண்டு கிலோ கனம். அத காயின் போடுத வாய்க்கு உள்பக்கம் ஒட்டி வச்சிரணும். பித்தளன்னா வழுக்கிட்டு உள்ள போயிரும். இரும்புன்னா அங்கனயே ஒட்டிக்கிட்டு நிக்கும், போட்டவனக் கையோட புடிச்சிரலாம். கம்பெனி மெஷின்ல காயின் வாய் கீழ, முட்டி ஒசரத்துல இருக்கும். இது லோக்கல்ல ஆசாரி அடிச்ச பொட்டி, காயின் வாய் மேலயே இருக்கும். இந்தா, பாருங்க, திரைக்கு ஒரு சாண் கீழ. கைய வைக்காதிய, கண்ணால பாருங்க.

வியாழக்கெழம காந்தத்த வச்சேன். எனக்கும் பிரமுக்கும் தவிர ஈ காக்காவுக்குத் தெரியாது. வெள்ளிக்கெழம காலையில மெஷினப் போடுதேன், படம் இப்படி நிக்கி. செவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். அந்த நேரம் பாத்து! எனக்கு ஒடனே தெரிஞ்சு போச்சு, எவனோ கை வச்சிட்டான்னு. காந்தம் வச்சது எப்படியோ மோப்பம் புடிச்சு, இனிமே வாசர் போட முடியாதுங்கிற ஆத்திரத்துல மெஷினக் கெடுத்திருக்கான். பின்ன வேற என்ன?

டியூப் வேல தெரிஞ்ச ஆளு இப்பம் இந்தப் பக்கத்துல ஒருத்தன்தான் இருக்கான். இலஞ்சி ஆவுடையப்பன். நாப்பத்தஞ்சு வயசு, கல்யாணம் ஆகல. எனக்கு ஆகலன்னா அதுக்குக் காரணம் இருக்கு, அவனுக்கு என்ன காரணம்? அதுவே எனக்கு மொதல்ல இடிச்சுது. போன் பண்ணுனேன், நாலு மணிக்கு வாறேன்னான். மூணரைக்கே நான் காந்தத்த எடுத்து கவுண்டருக்கு அடியில ஒரு பழைய சாக்கு கெடக்கும், அதுக்குள்ள திணிச்சிட்டேன். பிரமு, "எதுக்குண்ணே அத எடுக்கிய?"ன்னா. "மெக்கானிக்குன்னா நாலு கடைக்குப் போறவன், இங்க காந்தம் இருக்குன்னு ஒரு வார்த்த விட்டான்னா போதும், வாசர்க்காரன் நாளைக்கே அலுமினியத்துல வெட்டிட்டு வந்திருவான். நீ வாயத் தொறக்காத"ன்னேன். அவ சரின்னுட்டா.

வந்தான். ஒல்லியா, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு தோல் பையோட. படத்தப் பாத்தான். எனக்கு ஒரே ஆச்சரியம், காலையில இருந்த கோளாறு பாதியாக் கொறஞ்சிருக்கு! ஆளப் பாத்ததும் கொறையுது சார். அவனுக்கும் அந்த மெஷினுக்கும் என்ன பேச்சுவார்த்தையோ.

பையிலருந்து பெரிய வளையம் ஒண்ண எடுத்தான். வயரு சுத்தி, துணி சுத்தினது. கரண்டு குடுத்தா ம்ம்ம்னு உறுமுது. அத திரைக்கு முன்னால ஆரத்தி எடுக்குத மாதிரி சுத்திக்கிட்டே, மெதுவா மெதுவா பின்னால நடந்து வாசல் வரைக்கும் போறான். திரையில கலரெல்லாம் கொழம்பிக் கொழம்பி ஓடுது. நிப்பாட்டிட்டு என்கிட்ட வந்து கேக்கான்.

"அண்ணாச்சி, டியூப்புல காந்தம் ஏறியிருக்கு. பக்கத்துல காந்தம் ஏதும் இருக்கா? பெரிய ஸ்பீக்கர், அந்த மாதிரி?"

 காந்தம்! நானும் பிரமுவும் தவிர ஒருத்தருக்கும் தெரியாத சங்கதி. இவன் கடைக்குள்ள வந்து கால் மணி நேரம் ஆகல. ஸ்பீக்கர் காந்தம்னு அளவு மொதக்கொண்டு சொல்லுதான்! இவன யாரோ அனுப்பிருக்கான், உளவு பாக்க. "இங்க ஏதுய்யா காந்தம்?"னேன். பிரமு என்னப் பாத்தா. நான் அவள ஒரு மொற மொறச்சேன். அவ குனிஞ்சுக்கிட்டா.

பொறவு வேலையில எறங்குனான். சும்மா சொல்லக் கூடாது, வேல தெரியும் அவனுக்கு. சின்னப் பொட்டி ஒண்ண மாட்டுனான், திரை பூரா கணக்கு நோட்டு மாதிரி வெள்ளக் கோடு, கட்டம் கட்டமா. ஆனா எல்லாக் கோடும் மூணு மூணா நிக்கி. என்கிட்ட வெளக்குதான். டியூப்போட பின்னால கழுத்து இருக்காம். அங்கயிருந்து செவப்பு, பச்ச, நீலம்னு மூணு கதிரு கெளம்பி வருதாம். மூணும் ஒரே எடத்துல வந்து விழுந்தா வெள்ள. ஒரு நூலு தள்ளி விழுந்தாலும் ஓரத்துல கலரு. அந்தக் கழுத்துல வளையல் மாதிரி சின்னச் சின்னக் காந்த வளையம் போட்டிருக்காம், அதத் திருகித் திருகி மூணையும் ஒண்ணு சேக்கணுமாம். பாத்தியளா? உள்ள அவங்களே காந்தத்த வச்சிக்கிட்டு என்கிட்ட காந்தம் இருக்கான்னு கேக்கான்.

திருகுதவன் பின்னால நிக்கணும், படம் முன்னால தெரியுது. அப்பம் எப்படிப் பாக்க? "ஒரு கண்ணாடி வேணும் அண்ணாச்சி, முன்னால யாராவது புடிச்சுக்கிட்டு நிக்கணும், நான் அதுல பாத்துக்கிடுவேன்"னான். பிரமு வீட்டுக்குப் போயி செவத்துல தொங்குத கண்ணாடியக் கழட்டிட்டு வந்தா. அதப் புடிச்சுக்கிட்டு திரைக்கு எதுத்தாப்ல நின்னா. கண்ணாடி அவ நெஞ்சுக்கு நேரா இருக்கு, அதுக்கு மேல அவ மொகம் இருக்கு. இவன் மெஷினுக்குப் பின்னாலருந்து தலைய நீட்டி நீட்டிப் பாக்கான். கண்ணாடியில படத்தப் பாத்தானா, கண்ணாடிக்கு மேல பாத்தானா, அத நான் எங்கயிருந்து கண்டுபுடிக்க? ரெண்டு பேருக்கும் நடுவுல போயி நின்னு பாத்தேன். "அண்ணாச்சி, மறைக்குது"ங்கான்.

மூணு கோடு ரெண்டாச்சு. ரெண்டு ஒண்ணாச்சு. வெள்ளன்னா அப்படி ஒரு வெள்ள. "ஒட்டிருச்சு! ஒட்டிருச்சு!"ன்னு பிரமு சத்தம் போட்டா சார். பன்னெண்டு வருசத்துல அவ கொரல் அந்த அளவுக்கு ஒசந்து நான் கேட்டதில்ல. ஒரு கோடு ஒட்டுனதுக்கு இவ்வளவு சந்தோசமா? அதையும் மனசுல வச்சுக்கிட்டேன்.

திருகுன வளையம் நகராம இருக்க ஏதாவது பெயின்ட் தொட்டு வைக்கணும்னான். என்கிட்ட பெயின்ட் இல்ல. பிரமு கைப்பையத் தொறந்து நகத்துக்குப் போடுத பாலிஷ் எடுத்து நீட்டுதா. ரோஸ் கலரு. என் தங்கச்சிகிட்ட நகப் பாலிஷ் எப்பம் வந்துச்சு? அவ கையில போட்டு நான் பாத்ததில்ல. போடாத பாலிஷ பையில எதுக்கு வச்சிருக்கணும்? அவன் ஒண்ணும் கேக்காம வாங்கி, கழுத்து வளையத்துல ஒரு பொட்டு வச்சு, ஊதிட்டுத் திருப்பிக் குடுத்தான்.

துட்டு நீட்டுனேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, நிக்குதான்னு பாத்துட்டு வாங்கிக்கிடுதேன்"னுட்டுப் போயிட்டான். துட்டு வாங்காத மெக்கானிக்க நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா?

அவன் அங்கிட்டுப் போனதும் நான் சாக்குலருந்து காந்தத்த எடுத்து இருந்த எடத்துல வச்சேன். மறுநாள் காலையில படம் போச்சு.

மறுநாளே சார்! நெனச்சுப் பாருங்க. சரி பண்ணிட்டுப் போயி ஒரு நாள் தாங்கல. அவன் திருகிட்டுப் போகும்போதே திரும்பக் கெடுத மாதிரித் திருகிட்டுப் போறான். இல்லன்னா எப்படிக் கெடும்?

ரெண்டாந் தடவை வந்தான். நான் முன்ன மாதிரியே காந்தத்த ஒளிச்சேன். ஆரத்தி எடுத்தான். "பக்கத்துல காந்தம் ஏதும் இருக்கா அண்ணாச்சி?"ன்னான். இல்லன்னேன். பிரமு சாக்கப் பாத்தா, என்னப் பாத்தா, அவனப் பாத்தா, ஒண்ணும் சொல்லல. அவன் பின்பக்கத்தத் தொறந்து டார்ச் அடிச்சான். ரோஸ் பொட்டு ஒடையாம அப்படியே இருக்கு. "சீலு அசையவே இல்லையே"ன்னு தலையச் சொறியுதான். அங்கதான் எனக்கு உறுதியாச்சு. சீலு ஒடையாம திருகத் தெரிஞ்சவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்!

மூணாந் தடவை மெஷினயே கெழக்கப் பாத்துத் திருப்பி வைப்போம்னான். பூமிக்கே காந்தம் உண்டாம், அதுனால இருக்கலாமாம். ஆளு அகப்படலன்னதும் பூமி மேல பழியப் போடுதான். நாலாந் தடவை இஸ்திரி போட்ட சட்டையில வந்தான். தூசிக்குள்ள கைய விடுத வேலைக்கு இஸ்திரி எதுக்கு? அஞ்சாந் தடவை தோல் பை தொறந்து கெடந்துச்சு, எட்டிப் பாத்தேன். உள்ள ஒரு டப்பா நெறைய வாசர். இரும்பு வாசர் சார்! மெக்கானிக் பையில வாசர் இருக்கத்தான் செய்யும்னு நீங்க சொல்லுவிய. நானும் அப்படித்தான் நெனைக்கணும்னு அவன் நெனச்சிருக்கான்.

இதுல இன்னொண்ணு. காந்தம் வச்சதுலருந்து ஒரு வாசர்கூட வந்து ஒட்டல. அதுக்கு என்ன அர்த்தம்? எவனுக்கோ தகவல் போயிருக்கு.

படம் போச்சுன்னு போன் பண்ணுதது யாரு? பிரமுதான். காலையில கடையத் தொறந்ததும் மெஷினப் போடுவா, பாப்பா, "அண்ணே, போயிருச்சு"ம்பா. சொல்லுதப்ப மொகத்துல துளி வருத்தம் இருக்காது. மூணு மணிக்கே அந்தக் கண்ணாடிய முந்தானையால தொடச்சுத் தயாரா வச்சிருப்பா. நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது.

ஏழாந் தடவை ஆடி மாசம், ஞாயித்துக்கெழம. இன்னைக்கி மாதிரியே அருவியில தடை. கடைக்குள்ள நிக்க எடம் இல்ல, நாப்பது பேரு இருப்பாங்க. வேலைய முடிச்சுட்டு அவன் கையத் தொடச்சுக்கிட்டே என் முன்னால வந்து நின்னான். 

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒரு விசயம். ஒங்களுக்குச் சம்மதம்னா... பிரம்மசக்திய நான் கல்யாணம் முடிச்சுக்கிடுதேன். அவங்களுக்கும் விருப்பந்தான்."

எல்லாம் எனக்கு அப்பம் வெளங்கிருச்சு. ஏழு தடவை. துட்டு வாங்காதது. இஸ்திரிச் சட்டை. சீலு ஒடையாத திருட்டுத்தனம். "ஓஹோ, இதுக்குத்தான் படத்தக் கெடுத்துக் கெடுத்து வச்சியாலே? என் வீட்டுக்குள்ள நொழையதுக்கு என் மெஷினக் கெடுக்க, வாசரையும் நீதான் போட்டிருக்க"ன்னு அவன் பைய எடுத்துத் தலகீழாக் கொட்டுனேன். டப்பா ஒடஞ்சு வாசரெல்லாம் தரையில உருண்டு ஓடுது. அம்புட்டு பேரும் பாக்காங்க. அவன் முட்டி போட்டு ஒவ்வொரு வாசரா பொறுக்குனான்.  

பிரமு கவுண்டர விட்டு எந்திரிச்சா. குனிஞ்சு சாக்குக்குள்ள கைய விட்டா. "ஏ, அத எடுக்காத"ன்னேன், கேக்கல. காந்தத்த ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து, திரைக்குக் கீழ வச்சா. படம் பிரிஞ்சுது. எடுத்தா. படம் சேந்துது. திரும்ப வச்சா, பிரிஞ்சுது. எடுத்தா, சேந்துது. மூணு தடவை.  அவன் தரையில உக்காந்த மானிக்கி அண்ணாந்து அவளப் பாக்கான்.

"இது ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னான்.

"தெரியும்"னா. "ரெண்டாந் தடவையே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க வந்திருப்பியளா?"

என் தங்கச்சி சார். நாப்பது பேரு முன்னால. கல்யாணப் பந்தியில பாயசம் வேணும்னு கேக்கக்கூட வெக்கப்படுத பிள்ள.

நான் இத நம்புனேன்னா நெனைக்கிய? ரெண்டு பேரும் பேசி வச்சு நடத்துன நாடகம் அது. காந்தத்த வச்சா பிரியுத மாதிரி அவன் உள்ள ஏதோ செஞ்சு வச்சிருக்கான், அவளுக்கு எப்பம் எடுக்கணும், எப்பம் வைக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கான். "இனிமே இந்த வாசல்ல கால வைக்கக் கூடாது, ரெண்டு பேரும்"னேன். அவன் வாசர் டப்பாவ மூடிட்டு எந்திரிச்சான். அவ கண்ணாடிய எடுத்துக்கிட்டா. வேற ஒண்ணும் எடுக்கல.

ஆவணியில இலஞ்சி முருகன் கோயில்ல கல்யாணம். பத்திரிகைய அவனே கொண்டு வந்து கவுண்டர்ல வச்சிட்டுப் போனான். போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். அன்னைக்கிக் காலையில பஸ்சுல ஏறிட்டேன். பாதி வழியில, அங்க போனா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்கன்னு தோணுச்சு, எறங்கி நடந்து வந்துட்டேன். புதுச் சட்ட போட்டிருந்தேன், மழையில நனஞ்சிருச்சு.

அவங்க போனதும் அந்தக் காந்தத்தப் பாக்கவே எரிச்சலா இருந்துச்சு, சாக்குக்குள்ள எறிஞ்சிட்டேன். பத்து மாசம் அங்கனயே கெடந்துச்சு. அந்தப் பத்து மாசமும் படம் எப்படி இருந்துச்சு தெரியுமா? பளிங்கு மாதிரி. ஒரு நாள், ஒரு பொழுது கெடல. பாத்தியளா? அவன் வரல, படம் கெடல. அவன் வந்தாத்தான் கெடுதுங்கதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்? இத யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணும். வீட்டுக்குப் போனா கேக்க ஆளு இல்ல. சோறு ஆக்கி, ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசின்னு தெரியாம மிச்சமாயி, அத மறுநா தின்னு. செவத்துல கண்ணாடி தொங்குன எடத்துல ஒரு வெள்ளச் சதுரம் இருக்கு, அதப் பாத்துத்தான் தல சீவுதேன், பழக்கத்துல. வீடு வெறிச்சுன்னு கெடக்கு சார். சந்தேகப்படக்கூட ஒரு ஆளு வேணும்லா.

இந்த வருசம் ஆனியில மொத சாரல் விழுந்துச்சு. அன்னைக்கிக் காந்தத்த எடுத்துத் தொடச்சு, திரும்ப அங்கனயே வச்சேன்.

எதுக்கா? வாசர் வந்தா?

ஆமா, காயின் வாய அடச்சாச்சு. காயினே இப்பம் இல்ல, நானே பின்னால சுவிட்சப் போட்டு ஆட விடுதேன். அடச்ச வாயில வாசர் எப்படி வரும்னு கேக்கிய. நீங்க வாத்தியாருதான், இப்பம் நம்புதேன். குறுக்குக் கேள்வி கேக்கிய. வாயத் தொறக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஊர்ல எல்லாரும் நல்லவனாயிட்டானா? முன்னெச்சரிக்கையா இருக்கது தப்பா?

அது கெடக்கட்டும். மறுநாள் காலையில படம் போயிருந்துச்சு. நான் போன் பண்ணுனேன். பத்து மாசத்துக்குப் பொறவு. அவன்தான் எடுத்தான். "மாப்ள, படம் போயிருச்சு"ன்னேன். மாப்ளன்னு அதுவரைக்கும் நான் அவனக் கூப்புட்டதில்ல, வாயில எப்படியோ வந்திருச்சு.  "நாலு மணிக்கு ரெண்டு பேரும் வாறோம் மச்சான்"னான்.

வந்தாங்க. பிரமு ஒரு தூக்குவாளியில தேங்காப்பால் ஊத்துன சொதி கொண்டு வந்திருந்தா. அவ ஒடம்புல கொஞ்சம் சத போட்டிருக்கா. அதே கண்ணாடிய கையோட கொண்டு வந்து, அதே எடத்துல நின்னு புடிச்சா. அவன் பின்னாலருந்து தலைய நீட்டி நீட்டிப் பாத்தான். இப்பம் எங்க பாத்தா எனக்கென்ன. "ஒட்டிருச்சுண்ணே"ன்னா. அண்ணேன்னா சார், என்னப் பாத்து. நான் பொகை கண்ணுல பட்ட மாதிரி வெளிய வந்துட்டேன். கடைக்குள்ள பொகை ஒண்ணும் கெடையாது.

இந்தச் சீசன்ல இதுவரைக்கும் நாலு தடவை கெட்டுப் போச்சு. நாலு தடவையும் ரெண்டு பேரும் வந்தாங்க. இருந்து சாப்புட்டுத்தான் போவாங்க. இன்னைக்கி அஞ்சாந் தடவை. மணி என்ன? மூணேகாலா? அய்யோ, வர்ற நேரம் ஆச்சு. செத்த அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க சார். திரும்புங்க. பாக்காதிய.

ம். ஆச்சு, திரும்பலாம். சாக்கப் பாக்காதிய.

இந்தா, தடை எடுத்துட்டான் போல, விசில் கேக்கு. கூட்டம் ஓடுது பாருங்க. நீங்களும் கெளம்புங்க, வீட்ல உள்ளவங்க தேடுவாங்க. போற வழியில இலஞ்சிப் பக்கத்துலருந்து ஒரு பைக்குல ரெண்டு பேரு வருவாங்க, பின்னால உக்காந்திருக்கவ மடியில கண்ணாடி இருக்கும். அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதிய. காந்தம்னு ஒரு வார்த்த வரக் கூடாது.

ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்க மாட்டேங்கு சார். போன வருசம் வந்த ஏழு தடவையும், "பக்கத்துல காந்தம் ஏதும் இருக்கா அண்ணாச்சி"ன்னு கேட்டான். இந்த வருசம் நாலு தடவை வந்துட்டான். வளையத்தச் சுத்துதான், டார்ச் அடிச்சுப் பாக்கான், ரோஸ் பொட்டுக்கு மேல இன்னொரு பொட்டு வைக்கான், கையக் கழுவிட்டு இலைக்கு முன்னால உக்காருதான். ஒரு தடவகூடக் கேக்கல. நானும் பதிலத் தயாரா வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டு நிக்கேன்.

ஏன் கேக்க மாட்டேங்கான்? அதுலதான் சார் அவன் மேல எனக்கு இன்னும் சந்தேகம்.